மேல்வீட்டு உலக்கை

முதலில் வந்தது சத்தம்தான். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இலையுதிர்காலம், ஒரு சனிக்கிழமை முற்பகல். மொன்றியலின் கோட்-டெ-நேஜில் நாங்கள் இருந்த பழைய செங்கல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், சாப்பாட்டு மேசை முழுக்கப் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் அந்தத் தவணைக்கு எடுத்திருந்த ஆபிரிக்க வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு கட்டுரைத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே தொம்மென்று ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. சுவரோரம் ஓடிய சுடுநீர்க் குழாய் அதிர்ந்தது. மேலே புதிதாகக் குடிவந்தவர்கள் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தி, முகட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். “ஆணி இல்லைப் பிள்ளை. உலக்கை,” என்றார். “ஆரோ இடிக்கினம். கை தெரிஞ்ச ஆள்.”

என் முன்னால் விரிந்திருந்த பக்கத்திலும் உலக்கைதான் இருந்தது. கிழக்கு நைஜீரியாவின் இக்போ ஊர்களில் ஓர் ஆண் மனைவியை வதைத்தால், பெண்கள் தங்களுக்குள் ஆளனுப்பிச் சொல்லி, ஒருநாள் கூட்டமாக அவன் வீட்டு முற்றத்துக்கு வருவார்கள். கையில் உலக்கை. அவனைப் பேர்சொல்லிக் கேலிசெய்து பாடுவார்கள், ஆடுவார்கள், மண்சுவரை உலக்கையால் இடிப்பார்கள். அவன் வெளியே வந்து தவறுக்கு மன்னிப்புக் கேட்கும்வரை எழும்பமாட்டார்கள். ஓர் ஆணின்மேல் உட்காருதல் என்று அதற்குப் பெயர். பக்கத்தில் உலக்கை, தலைக்கு மேலே உலக்கை. அந்த விநாடியில்தான் எனக்கு அந்த எண்ணம் பிடித்தது: இதைத்தான் எழுதப்போகிறேன், கட்டுரையாக மட்டுமல்ல, முடிந்தால் ஒரு புத்தகமாகவே. அப்போது எனக்கு எல்லாமே அப்படித்தான், நெருப்புக்குச்சி கிழித்தமாதிரி. இன்று அதே உலக்கை எங்கள் வாசலில் பனிச் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் சாத்திக் கிடக்கிறது. அதைப் பார்த்தபடிதான் இதை எழுதுகிறேன். அம்மா செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. தேநீர் ஊற்றுகிறேன், குடிக்க மறந்துபோகிறேன், அவ்வளவுதான்.

அன்று புத்தகத்தை மூடாமலே, பேனாவோடு சேர்த்துக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன். கதவைத் திறந்தவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, உயரமான பெண். தலையில் துணி கட்டியிருந்தார், கையெல்லாம் அவித்த வள்ளிக்கிழங்கு. சத்தத்துக்குச் சண்டை பிடிக்க வந்தேன் என்று நினைத்து முதலில் மன்னிப்புக் கேட்டார். நான் இல்லை இல்லை என்று மூச்சிரைக்க, நீங்கள் நைஜீரியாவா, இக்போவா, உங்கள் ஊரில் பெண்கள் கூட்டம் கூடுவார்களா, தலைவி உண்டா, யார் அழைப்பார்கள் என்று அடுக்கினேன். அவர் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதை எங்கள் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்: “முந்தி எங்கட ஊருக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தவனாம். அவனும் வாசல்ல நிண்டுகொண்டு இதைத்தான் கேட்டவனாம். நீ உள்ளுக்கு வந்து கேள்.” உள்ளே ஒரு மர உரல். அவரது தாய் கொடுத்தனுப்பிய உலக்கை, நடுவில் கைபட்டுத் தேய்ந்து மெலிந்திருந்தது. அம்மாவின் சொற்படி அவரை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் அவருக்கு மேல்வீட்டு அக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அக்கா ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை. இங்கே ஒரு கார்தெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலுள்ள விவசாய வளாகத்தில் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மென்மையான மனிதர். மெற்றோவில் இறங்கி வரும் அம்மாவைக் கண்டால் அரிசி மூட்டையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்வார். இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததை வைத்து நீங்கள் அவரைக் கொடியவர் என்று நினைக்கக்கூடும். அவர்கள் நாட்டில் இராணுவ ஆட்சி. திரும்பிப்போனால் தனக்கு ஆபத்து என்று இங்கே தங்குவதற்கு விண்ணப்பித்திருந்தார். அந்த விண்ணப்பத்தில் அக்கா அவரைச் சார்ந்தவர். அக்காவுக்கென்று தனிக் கோவை, தனி விண்ணப்பக் கோப்பு, கிடையாது. எங்கள் சனத்தில் பாதிப்பேர் அப்படித்தான் வந்தவர்கள், ஆகவே எனக்கு அது அப்போது உறைக்கவும் இல்லை.

நான் படித்ததெல்லாம் அக்காவுக்குச் சொல்வேன். வெள்ளைக்காரர் வந்தபோது அந்த ஊர்களில் அரசனைத் தேடினார்கள், அரசன் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள், பெண்கள் தனியே கூடிப் பேசுவார்கள். சந்தை பெண்களின் கையில். கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த ஊருக்குத் திரும்பிவந்து சகோதரர்களின் வழக்கைத் தீர்ப்பார்கள். துரைமாருக்கு இதொன்றும் கண்ணில் படவில்லை. அவர்கள் ஆண்களில் சிலரைப் பிடித்து, கையில் ஒரு பத்திரத்தைக் கொடுத்து, நீதான் தலைவன் என்றார்கள். பெண்களின் கூட்டத்துக்குப் பத்திரம் இல்லை, ஆகவே அது இல்லை. மிஷன்காரர் அதைப் பேய்க்கூத்து என்று தடுத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தையல் பழக்கினார்கள். பிறகு பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற கதை பரவியபோது அவர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் போய் அந்தத் தலைவர்களின்மேலும் நீதிமன்றத்தின்மேலும் உட்கார்ந்தார்கள். அவர்களைச் சுட்டார்கள். அறிக்கையில் கலகக் கும்பல் என்று எழுதினார்கள்.

அக்கா இடித்துக்கொண்டே கேட்பார். தன் தாய் அந்த நாட்களில் சிறுபிள்ளை, அவருடைய தாயோடு அந்தக் கூட்டத்தில் நடந்துபோனவர் என்று ஒருமுறை சாதாரணமாகச் சொன்னார். நான் துள்ளியெழும்ப, “துள்ளாதை. பிறந்தவீட்டுப் பொம்பிளையள் எண்டால் எல்லாரும் தெய்வமில்லை,” என்றார். அக்காவின் மாமி ஒருத்தியின் கணவன் செத்தபோது, அவன் குடும்பத்தில் பிறந்த அதே பெண்கள்தான் வந்து அவளது தலையைச் சிரைத்து, மாதக்கணக்கில் வெறுந்தரையில் இருத்தி, அழுகை போதாது என்று திட்டினார்களாம். நான் அதைக் கேட்டுச் சங்கடப்பட்டேன், கட்டுரைக்கு அது இடைஞ்சல். அம்மாவுக்குத் தமிழில் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. “எங்கட ஆக்களும் செய்தவைதானே,” என்றார். பிறகு தானாகவே தன் சீதனக் காணியின் கதைக்குப் போனார். காணி அம்மாவின் பெயரில். ஆனால் அப்பாவின் கையெழுத்து இல்லாமல் விற்க ஏலாது. தேசவழமை, யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டம். அதை எழுதிவைத்த ஒல்லாந்தர் யாரிடம் கேட்டு உறுதிப்படுத்தினார்கள் என்று நான் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். முதலியார்களிடம், தாங்களே நியமித்த தலைமைக்காரரிடம். அங்கேயும் துரை வாசலில் நின்று ஆண்களைத்தான் கேட்டிருக்கிறான்.

அம்மாவும் அக்காவும் மொழியில்லாமலே பழகினார்கள். அம்மா சிவப்பரிசியை ஊறவைத்துக் கொண்டுபோய் அக்காவின் உரலில் இடிப்பார், அரித்து வறுத்துப் புட்டு அவிப்பார். அக்கா புட்டைக் கையால் உருட்டி, மீன்குழம்பில் தோய்த்து விழுங்குவார். கட்டடப் பொறுப்பாளர் சத்தத்துக்கு முறைப்பாடு கொடுத்தபின், அம்மா எங்கள் பழைய நீலப் போர்வையை நாலாக மடித்து உரலுக்குக் கீழே வைத்தார். அதன்பிறகு தொம் என்பது தும் என்றாகிவிட்டது. வயிற்றுக்குள்ளே கேட்பதுபோல.

அடுத்த ஆண்டு தையில் அக்காவின் தாய் இறந்தார். உடலைக் குளிர்அறையில் வைத்துவிட்டார்கள். அங்கே அது வழக்கம்; பிள்ளைகள் எல்லாரும் வந்துசேரச் சுணங்கும். மூத்த மகள் அக்கா. தாயின் துணிப்பெட்டியைத் திறப்பதும், பிறந்தவீட்டுப் பெண்களுக்கு முன்னே நின்று தாயை வழியனுப்புவதும் அவர் செய்யவேண்டியவை. அவருக்காகக் காத்திருப்பதாகச் சொல்லியனுப்பினார்கள். கணவர் போகவேண்டாம் என்றார். வழக்கறிஞர் சொன்னதைத்தான் சொன்னார்: ஆபத்து என்று அடைக்கலம் கேட்டுவிட்டு மனைவி அந்த நாட்டுக்கே போய்வந்தால் கோவை கிழியும், எல்லாருக்கும் கிழியும். கடவுச்சீட்டுகளை வளாகத்தில் தன் மேசைக்குள் பூட்டிவைத்தார். ஊரிலிருந்த தம்பிமாரிடம் சொல்லித் தன் சார்பில் ஒரு மாடு கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். அக்கா கேட்டது ஒன்றுதான்: உன் கோவையிலிருந்து என்னை வெட்டிவிடு, நான் போய்ப் புதைத்துவிட்டு வருகிறேன், வரமுடிந்தால் வருகிறேன். அவர் அதைப் பைத்தியக்காரப் பேச்சு என்றார்.

அம்மாவுக்கு வேறொன்றுதான் விளங்கவில்லை. “பொம்பிளைப் பிள்ளை வராட்டித் தாயைப் புதைக்கமாட்டினமாமோ?” என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். ஓம் என்றேன். அம்மாவின் தாய் ஊரில், இடம்பெயர்ந்த இடத்தில் இறந்தவர். செய்தி இங்கே வரும்போது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. மொன்றியலில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, மீசையை வழித்து, குருக்களை அழைத்து, கோயில் மண்டபத்தில் செய்யவேண்டியதைச் செய்தார். அம்மா வந்தவர்களுக்குச் சமைத்தார். இப்போது அவர் மேலே முகட்டைப் பார்த்தபடி, “அங்க எண்டால் நான் வருமட்டும் பாத்துக்கொண்டு இருந்திருப்பினம்,” என்றார்.

அக்காவின் கணவர்மேல் உட்காருவோம் என்று சொன்னது நான்தான். அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோய், யார் யாருக்குச் சொல்லவேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினார். மாசி மாதத்து ஒரு ஞாயிறு, தேவாலயம் முடிந்த கையோடு வந்தார்கள்: ஆற்றுக்கு அப்பால் லொங்குய்ய்யிலிருந்து ஒரு மருத்துவமனைத் தாதி, அவருடைய இரண்டு தோழிகள், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்து ஹெயிட்டிக்காரி, அம்மா, நான். முற்றமெல்லாம் முழங்கால் பனி. ஆகவே மூன்றாம் மாடி நடைகூடத்தில், அந்த வீட்டுக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தோம். கணவர் உள்ளே இருந்தார். தாதிதான் பாட்டை எடுத்தார். அக்கா எனக்கு மொழிபெயர்த்தார்: மண்ணெல்லாம் தெரிந்தவனே, குப்பியில் மண் வைத்திருப்பவனே, மாமியாரை மூடப்போகும் மண்ணை மட்டும் உனக்குத் தெரியாதா? ஹெயிட்டிக்காரி சட்டியில் கரண்டியால் தட்டினார். அம்மா உலக்கையைப் பிடித்து, நீலப் போர்வையை விரித்து, அதன்மேல் தாளம் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார். “சுவரை இடிச்சால் பிறகு ஆர் பூசுறது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அம்மா அப்படி முகம் மலர்ந்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

யாரோ பொலிசுக்குத் தொலைபேசி அடித்துவிட்டார்கள். இரண்டு பேர் வந்தார்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், இளவயது, மரியாதையானவர்கள். பாட்டு நின்றது. யார் இங்கே பொறுப்பு என்று அந்தப் பெண் பிரெஞ்சில் கேட்டார். நான் அதை ஆங்கிலத்திலும் தமிழிலும் சொன்னேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போது கதவு திறந்தது. கணவர் மடிப்புக் கலையாத சேட்டோடு வெளியே வந்து, நல்ல பிரெஞ்சில், மன்னிக்கவேண்டும், வீட்டில் ஒரு பிறந்தநாள், எங்கள் ஆட்கள் கொஞ்சம் சத்தமாகத்தான் கொண்டாடுவார்கள் என்றார். இரண்டு பேரின் முகமும் இளகிற்று. பெண் பொலிசும் அவரையேதான் பார்த்துத் தலையாட்டினார். போகும்போது ஆண் பொலிஸ், உலக்கை பிடித்திருந்தவரே பிறந்தநாள்காரி என்று எண்ணி, அம்மாவுக்குக் குனிந்து, “பொன் ஃபெத், மதாம்,” என்று வாழ்த்தினான். அம்மா, “மெர்சி,” என்றார்.

அக்காவின் கணவர் வெளியே வந்துதான் இருந்தார். மன்னிப்பும் கேட்டுத்தான் இருந்தார், எங்களுக்காகப் பொலிசிடம். பிறகு எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். போனோம், நடைகூடத்தில் இனி இருக்க ஏலாது. வந்தவர்களுக்கு உடைத்துக் கொடுக்கும் கோலாக் கொட்டையைத் தட்டில் எடுத்துவந்து, மாமியாருக்காகப் பிரார்த்தித்து, உடைத்துப் பங்கிட்டார். கோலாவை ஆண்தான் உடைக்கவேண்டும், பெண் உடைக்கக்கூடாது என்பதை நான் ஏற்கனவே படித்திருந்தேன். என் பங்கை வாயில் போட்டேன். கசந்தது. தாதி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மஞ்சள் பாதை மெற்றோவைப் பிடிக்கவேண்டும் என்று எழுந்தார். துப்பாக்கி இல்லை, அடி இல்லை, ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. ஒரு பிறந்தநாள் முடிந்தமாதிரி எல்லாம் முடிந்தது.

பங்குனியில் அங்கே புதைத்தார்கள். காத்திருக்கக்கூடிய மட்டும் காத்திருந்தார்கள். அன்று காலை மேலே தும், தும் என்று தொடங்கியது நிற்கவேயில்லை. நான் போனேன். அக்கா இடித்துக்கொண்டிருந்தார். உரலுக்குள் ஒன்றுமில்லை. என்னைப் பார்த்தார், பார்க்கவில்லை என்றும் சொல்லலாம். நான் கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மேலே போய், உரல் நகராதபடி இரண்டு பாதங்களாலும் அணைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். மத்தியானம்வரை அப்படியே இருந்தார்கள். என் கட்டுரைக்கு அந்தத் தவணையில் நல்ல புள்ளி கிடைத்தது. அதில் அந்தப் பிறந்தநாள் இல்லை. புத்தகம் எழுதும் எண்ணமும் எங்கேயோ போய்விட்டது.

அக்கா வீட்டாருக்கு இங்கே தங்க அனுமதி கிடைத்தது. கணவருக்கு வேலையும் கிடைத்து, நகரின் மேற்கே இல்-பிசாருக்கு வீடு மாறினார்கள். போகும் நாளில் அக்கா நீலப் போர்வையைத் திருப்பித் தந்து, உலக்கையையும் அம்மாவின் கையில் வைத்தார். அம்மா வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார். யாராவது வயதைக் கேட்டால் அம்மா, “எனக்கு ரெண்டு பிறந்தநாள். ஒண்டு பொலிஸ் தந்தது,” என்று சொல்லிச் சிரிப்பார். கேட்டவர்களுக்கு விளங்காது.

புதன்கிழமை மாமா தொலைபேசியில் சொன்னார்: “பிள்ளை, அம்மாவிட்ட ஒரு உலக்கை கிடந்ததெல்லே? அதைக் கொண்டுவா. சுண்ணம் இடிக்கவேணும். ரொறன்ரோவிலயிருந்து தம்பி வெளிக்கிட்டிட்டான், அவன் கொள்ளி வைப்பான்.” தம்பி என்பது முன்னமே இறந்துபோன என் அப்பாவின் தமையனுடைய மகன். அம்மாவை ஒரு கலியாணத்தில் கண்டிருக்கிறான். எங்கள் வழக்கத்தில் கொள்ளி வைப்பவர்தான் முதலில் உலக்கை பிடித்து, உடலுக்கு வைக்கும் சுண்ணப் பொடியை இடிக்கவேண்டும். இங்கே கொள்ளி என்பது தகனசாலையில் ஒரு பொத்தான், அதையும் அவன்தான் அமத்துவான். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. இதில் மாமாவிலும் பிழை சொல்ல என்ன இருக்கிறது? தாய்க்குத் தான் செய்ததைத்தான் சொல்கிறார். “ஓம் மாமா,” என்றேன். என் குரல் யாரோ பக்கத்து அறையில் கதைப்பதுபோல இருந்தது.

இன்று பின்னேரம் மேல்வீட்டு அக்கா இரண்டு பஸ் மாறி வந்தார். கட்டிப்பிடித்து அழவில்லை. அம்மாவின் கதிரையில் உட்கார்ந்து, நாளைக்கு உனக்கு என்ன வேலை என்று கேட்டார். உலக்கையைக் கொண்டுபோவது என்றேன்.

“கொண்டுபோய்?”

“குடுக்கிறது.”

அவர் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே பார்த்தபடியே சொன்னார்: “அண்டைக்கு எங்க பிழைச்சது எண்டு எனக்குப் பிறகுதான் விளங்கினது. ஆர் பொறுப்பு எண்டு பொலிஸ் கேட்டபோது எங்களிட்டப் பதில் இல்லை. எங்கட ஊரில பொம்பிளையள் இருக்கேக்க அந்தக் கேள்வியை ஆரும் கேக்கிறேல்லை. நாங்கள் ஒருத்தற்ற முகத்தை ஒருத்தர் பாத்த நேரத்துக்குள்ள கதவு திறந்திட்டுது.”

பிறகு என் தொலைபேசியை எடுத்து லொங்குய்ய் தாதிக்கு அழைத்தார். கீழே போய், எங்களைப்போல இன்னும் இதே கட்டடத்தில் இருக்கும் ஹெயிட்டிக்காரியின் கதவைத் தட்டினார். எல்லாரும் வருகிறார்கள்.

நாளைக் காலை தகனசாலை மண்டபத்தில் அந்தக் கேள்வி வரும். நிர்வாகி கேட்பார், குருக்கள் கேட்பார்: ஆர் பொறுப்பு, ஆர் செய்யிறது? மாமா தம்பியின் தோளில் கைவைக்குமுன் நான் சொல்லவேண்டும். என் வாய் எழும்பாவிட்டால் அக்கா சொல்வார், தாதி சொல்வார், ஹெயிட்டிக்காரி சொல்வார்: நான், நான், நான். பிறகு உரலுக்கு முன்னால் உட்காருவோம். நான் உலக்கையைப் பிடித்திருப்பேன், சுண்ணம் இடிப்பேன், பொத்தானையும் நான்தான் அமத்துவேன், அதுவரை எழும்புவதில்லை. நடக்குமா என்று தெரியாது. மாமா சத்தம் போடுவார், குருக்கள் நேரத்தைப் பார்ப்பார், எனக்கு அப்போதாவது அழுகை வருமோ என்னவோ.

உலக்கையைக் காரில் கொண்டுபோக வசதியாக நீலப் போர்வையில் சுற்றி, பனிச் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் சாத்திவைத்திருந்தேன். இதை எழுதும் நடுவில் எழுந்துபோய் அதை அவிழ்த்துவிட்டேன். போர்வை வீட்டிலேயே கிடக்கட்டும்.